ரோஸ் ரிப்பன் கட்டிய பத்துக் கூடுகள்

கடலூர் பஸ் நிலையத்தில் என் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள நடத்துநர் விடவில்லை. "இன்ஜின் பக்கம் வைம்மா. சூடு தாங்குற சாமான்தானே?" என்று கேட்டார். உள்ளே தண்ணீரில் இறங்குவதற்கான ரப்பர் பூட்ஸ் இருந்தது. தாங்கும் என்று சொல்லிவிட்டேன். சிதம்பரம் வந்து பெட்டியைத் திறந்தபோது இடது பூட்ஸ் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. அடுத்த பத்து நாளும் அந்தக் கோணல் பூட்ஸோடுதான் நடந்தேன்.

மலேசியாவில் ஈப்போ என் ஊர். முப்பது வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். சிதம்பரம் பக்கத்து ஏரி ஒன்றில் பறவைக் கணக்கெடுக்கப் பத்து நாள் தன்னார்வலர்கள் தேவை என்று கைப்பேசியில் சுற்றிய செய்தி என்னிடமும் வந்தது. எண்ணுவதுதான் வேலை என்றால் அது எனக்குத் தெரிந்த வேலை என்று கிளம்பிவிட்டேன். என் தாத்தா இந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர் என்று வீட்டில் சொல்வார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. நான் அதைத் தேடி வரவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் விடுவதாயில்லை.

"கோயிலுக்கா? சொந்தக்காரங்க வூட்டுக்கா?"

"கோழி எண்ண" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிப்காட் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்த இளைஞர்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். ஒருவன் கம்பியில் தொங்கிக்கொண்டே நண்பனிடம் சொன்னான்: "மச்சான், இந்த வருஷம் மழைக்குள்ள மாடி போட்டுடணும்டா. போன வாட்டி கட்டில் மேல அடுப்ப வச்சிதான் சோறாக்குனோம்." நண்பன் அதற்குள் தூங்கிவிட்டான். எங்கள் ஊரிலும் மழை உண்டு, தினமும் நாலு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போய்விடும். இங்கே மழை பற்றிப் பேசும்போது எல்லார் குரலும் ஒரு படி இறங்குவதைப் பிறகும் கவனித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். சாம்பார் கேட்டேன். பரிமாறியவர் என்னைப் பாவமாகப் பார்த்து, இன்னொரு கரண்டி கொத்சுதான் ஊற்றினார். அவர் செய்தது சரி. பத்து நாளும் அங்கேயே சாப்பிட்டேன்.

ஏரியின் பெயரை எழுத வேண்டாம் என்று வளர்மதி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பறவை பிடிக்க வருகிறவர்களும் இதையெல்லாம் படிப்பார்களாம். வளர்மதிதான் ஆராய்ச்சி செய்கிறவள், முப்பது வயது, ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். கரையில் தெர்மாகோல் பலகைகளைச் சாக்குப்பையில் சுற்றிக் கட்டிய தெப்பம் ஒன்று மிதந்தது. அதன் மேல் மீன்பிடிக்கும் கலியமூர்த்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். "ஏறுங்கக்கா, முழுவாது" என்றார். நான் ஏறினேன், தெப்பம் சாய்ந்தது, இடுப்பு வரை தண்ணீரில் நின்றேன். "தெப்பம் முழுவலியே" என்றார் அவர். இரண்டாம் முறை தவழ்ந்து ஏறினேன்.

ஈப்போவில் ஏரி என்றால் வேலி இருக்கும், பலகை இருக்கும், மாலை ஏழு மணிக்குப் பூட்டுவார்கள். இங்கே ஒரே தண்ணீரில் எருமை, துணி, தூண்டில், தாமரை, நூற்றுக்கணக்கான பறவைகள். யாரும் யாரையும் தொந்தரவு செய்வதாகத் தெரியவில்லை. முதல் நாள் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது.

நாங்கள் தேடி வந்தது தாமரை இலைக்கோழி. வெண்கலச் செம்பு துலக்கினதுபோல இறக்கை, காலுக்குப் பொருந்தாத நீள விரல்கள். அந்த விரல்களை விரித்து இலை மேலேயே நடக்கும். ஊறிய தண்டுகளைக் குவித்து மிதக்கும் மெத்தை ஒன்று செய்து, அதில் நாலு முட்டை. பழுப்பு முட்டைமேல் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததைப் போலக் கறுப்புக் கோடுகள். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைப் பார்க்கப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்தான். "எம்பொண்டாட்டிக்கி இத காட்டிடாதீங்க" என்றார் கலியமூர்த்தி.

அன்று மதியமே பிரச்சினை என்ன என்று புரிந்தது. இலைக்கோழிகள் கூடு வைத்திருந்த கிழக்கு மூலைக்குப் பக்கத்தில்தான் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் அது. தாமரையும் ஆகாயத்தாமரையும் அந்தப் பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தன. விவசாயச் சங்கத் தலைவர் தனசேகரன் கரைக்கு வந்தார். அவர் வளர்மதிக்குத் தாய்மாமன்.

"போன மழையில கலங்கல் அடைச்சிகினு தண்ணி பின்னால ஏறி எங்க நெலம் பூரா இடுப்பளவு நின்னுச்சிம்மா" என்று என்னிடம் சொன்னார். பிறகு மருமகளைப் பார்த்தார். "செடி அள்ளற மெஷின் அடுத்த திங்கக்கெழம வருது. நம்ம ஏரிக்கு ரெண்டு நாளுதான், அப்புறம் வேற ஏரிக்குப் போயிடும். நீ சனிக்கெழம வரைக்கும் எண்ணு. முட்டையோட கூடு பத்து இருந்துச்சின்னா அந்த மூலைய பொரட்டாசி கடேசி வரைக்கும் தொட மாட்டோம், கூலியாள் வச்சி அப்புறமா எடுத்துக்கறோம். இல்லன்னா மெஷின் எறங்கும். மாமான்னு அப்புறம் வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன் மாமா" என்றாள் வளர்மதி.

செவ்வாய் முதல் வியாழன் வரை அவளுக்குக் கடலூரில் அலுவலக வேலை இருந்தது. இந்த ஆராய்ச்சியைத் தொடர ஏதோ அனுமதி, அதற்கு நாலு மேசைக் கையெழுத்து. கூடு தேடும் பொறுப்பை என்னிடம் விட்டாள். கூட்டருகே ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, போனில் இடத்தைக் குறித்து ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இவ்வளவுதான் சொன்னாள், நானும் தலையாட்டினேன்.

செவ்வாய் காலையில் ஆறு கூடு கண்டுபிடித்தோம். ஆறாவதைக் குறித்த பிறகு, இது மூன்றாவதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் ஒரே இலை, ஒரே பச்சை. போன் பத்தடி தள்ளிப் புள்ளி வைத்தது. மருந்தகத்தில் லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக்கூட மேசையில் இருக்க விட்டவள் இல்லை நான். வீட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும் தேதியோடு லேபிள் ஒட்டி வைத்து என் மகளிடம் கேலி வாங்குகிறவள். அன்று மாலை சிதம்பரத்தில் ஒரு வளையல் கடையில் ஜடைக்குக் கட்டுகிற ரோஸ் ரிப்பன் ஒரு சுருள் வாங்கினேன். அறையில் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி, அழியாத மையில் ஒன்று முதல் பத்து வரை எழுதினேன். இவ்வளவு சுலபமான யோசனை படித்தவர்களுக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புதன்கிழமை ஒவ்வொரு கூட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கோரைத் தட்டையில் ரிப்பனைக் கட்டினேன். கூட்டை நான் தொடவில்லை. அதை இப்போதும் சொல்லிக்கொள்கிறேன், ஏதோ அதனால் குற்றம் குறைகிற மாதிரி.

கலியமூர்த்தி துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது ரிப்பனின்போது கேட்டார்: "இது எதுக்குக்கா? காக்கா பாக்காதா?"

"காக்காவுக்கு நம்பர் படிக்கத் தெரியுமா தம்பி?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு நோட்டம் ஜாஸ்திக்கா" என்று மட்டும் சொன்னார். வளர்மதி மேடத்தின் வேலை, வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாள், நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நானும் அடுத்த கூட்டைக் காட்டச் சொன்னேன்.

மாலைக்குள் பத்து ரிப்பனும் தீர்ந்தது. திரும்பும் வழியில் கரும்பச்சைக் கோரை மறைவில் பதினோராவது கூடு இருந்தது. இன்னொரு ரிப்பன் வெட்டலாம் என்று பையைத் துழாவும்போது மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கலியமூர்த்தி. அன்று அவர் வீட்டில் விரால் குழம்பு. அவர் மனைவி என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார், நான் பதினொன்று என்ற எண்ணை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வியாழன் முழுக்க மழை. அறையைவிட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை வளர்மதி வந்துவிட்டாள். பஸ்ஸில் அவளிடம் பதினொன்று என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பத்து வந்தா போதும்னு சாமிகிட்ட கேட்டுட்டு இருந்தேன் ஆன்ட்டி" என்றாள். மூன்று வருடமாக அந்த மூலையில் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்று எழுதிவருகிறாள். இந்த வருடமும் கூடு கலைந்தால் அடுத்த வருடம் அவை இங்கே வருமா என்று தெரியாது. அவளுக்கு வேறு ஏரியும் கிடையாது.

தெப்பம் மூலையை நெருங்கும்போது பச்சைக்கு நடுவே ரோஸ் புள்ளிகள் தெரிந்தன. எனக்கு அழகாகத் தெரிந்தது. வளர்மதி எழுந்து நின்றுவிட்டாள்.

"யாரு கட்டுனது?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு காகம் ஏழாம் எண் ரிப்பன் ஆடிய கோரைமேல் இறங்கியது. கீழே குதித்தது. அங்கே ஏற்கெனவே ஒன்றும் இல்லை போலிருக்கிறது, உடனே மேலே வந்தது. வந்து, சுற்றுமுற்றும் தேடாமல், நேராக எட்டாம் ரிப்பனுக்குப் பறந்தது. கடைக்குப் போகிறவர்கள் அடுத்த கடைக்குப் போவதுபோல.

கலியமூர்த்தி துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டினார். நாங்கள் ஒவ்வொரு ரிப்பனாகப் போய்ப் பார்த்தோம். நாலாவதில் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. ஆறாவதில் ஆண் பறவை காலி மெத்தைமேல் உட்கார்ந்து, எழுந்து, கீழே பார்த்து, மறுபடி உட்கார்ந்தது. பத்தும் காலி. ரிப்பன் கட்டாத பதினோராவதில் மட்டும் நாலு முட்டையும் இருந்தன.

வளர்மதி என்னைத் திட்டவில்லை. ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். முடிச்சு இறுகியிருந்ததைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மருந்து மாற்றிக் கொடுத்ததாக முப்பது வருடத்தில் ஒரு புகார் என் மேல் வந்ததில்லை. அன்று தெப்பத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அதுவும் நியாயம்தான்.

கரைக்கு வந்ததும் கலியமூர்த்தி மெதுவாக ஆரம்பித்தார். "தங்கச்சி, அக்கா போன்லதான் போட்டோ இருக்குதே. முட்டையோட பதினொண்ணு. நாளைக்கி அத காட்டு. ஒங்க மாமா என்னா தண்ணியில எறங்கி எண்ணவா போறாரு?"

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வளர்மதியின் முகத்தைப் பார்த்தேன்.

"நான் இன்னைக்கி எண்ணிட்டேண்ணே. ஒண்ணுதான்" என்றாள்.

சனிக்கிழமை கலங்கல் மதில்மேல் சங்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதி பேச ஆரம்பிக்கும் முன் நான் பேசிவிட்டேன். பதினொன்று இருந்தது, அடையாளம் கட்டியது நான், அதைப் பார்த்துக் காகம் பத்தைக் காலி செய்துவிட்டது, இவள்மேல் தப்பில்லை, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கெடுத்தவள் நான். என் மலேசியத் தமிழை அவர்கள் சிரிக்காமல் கேட்டார்கள்.

தனசேகரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்து இருந்தா எங்காளுங்ககிட்ட நான் பேசியிருப்பேன். ஒண்ண வச்சிகினு எப்டிம்மா பேசறது? இவுங்கள்லாம் போன வருஷம் நெல்ல பறிகுடுத்தவுங்க."

"மெஷின நிறுத்த வேணாம் மாமா" என்றாள் வளர்மதி. "அந்த ஒண்ண சுத்தி மட்டும் வுட்டுடுங்க. அது கலங்கல் வாயில இல்ல, தள்ளிதான் இருக்குது."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையசைத்தார், ஒருவர் பீடி பற்றவைத்தார். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

திங்கட்கிழமை மெஷின் இறங்கியது. மிதந்துகொண்டே பச்சையை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டியது. மாலைக்குள் கலங்கலில் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது, கரையில் நின்றவர்கள் முகமும் தெளிந்தது. அவர்களுக்காக எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு திரும்பி அந்தப் பக்கம் பார்த்தேன். மெஷின்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு படுக்கையறை அளவுக்குத் தாமரையும் கோரையும் விட்டுவைத்திருந்தார். அகலமான வெறும் தண்ணீர் நடுவே அது மட்டும் தனியாக நின்றது. எந்த ரிப்பனும் அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

"காலையில காக்கா வந்துடும்" என்றார் கலியமூர்த்தி. அவருக்கும் அதே தோன்றியிருந்தது.

செவ்வாய் எனக்குக் கடைசி நாள். மெஷின் மேற்குப் பக்கம் போயிருந்தது. விடிந்ததும் நாங்கள் மூவரும் தண்ணீரில் இறங்கி, கரையில் குவிந்த ஆகாயத்தாமரையையும் தாமரைக் கொடியையும் கயிற்றால் கட்டித் தெப்பத்தோடு இழுத்தோம். ஒரு குவியலைக் கூட்டுக்கு இடப்பக்கம் தள்ளி, ஒன்றை வலப்பக்கம், ஒன்றைப் பின்னால் என்று மிதக்கவிட்டோம். எது கூடு, எது வெறும் குப்பை என்று மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது. காற்றடித்தால் எல்லாம் நகர்ந்துவிடும், ஊன்றிக் கட்டக் கழி வேண்டும். கலியமூர்த்தியிடம் மூன்று கழிதான் இருந்தது.

கரையில் மோட்டார் சைக்கிள் நின்றது. தனசேகரன். நேற்று அள்ளியதை இன்று நாங்கள் திரும்ப ஏரியில் தள்ளிக்கொண்டிருக்கிறோம். வளர்மதி கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னா பண்றீங்க?"

கலியமூர்த்திதான் சொன்னார்: "ஒத்தையா நிக்குது மாமா. கண்ணுல குத்துது."

தனசேகரன் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். அந்தத் திட்டில் ஆண் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

"கலங்கல் பக்கம் நவுந்து வராம பாத்துக்க" என்றார் கடைசியில். "கழி வேணும்னா நம்ம கொல்லையில மூங்கில் இருக்குது, வெட்டிக்கோ." வண்டியைக் கிளப்பியவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "யம்மா, நீங்க கரையேறுங்க. ஒதடு நீலம் பாஞ்சி போச்சி."

நான் ஏறவில்லை. மதியம் வரைக்கும் கழி ஊன்றினோம். பதினான்கு திட்டுகள். மாலையில் இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று ஒரு குப்பைத் திட்டில் இறங்கிக் கிளறிவிட்டுப் போனது. இன்னொன்று இறங்கவேயில்லை. அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, சிதம்பரத்தில் சென்னை பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. வளர்மதி பஸ் நிலையம் வரை வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைன்னு என்னால சொல்ல முடியல ஆன்ட்டி. ஆனா போனதும் மெசேஜ் போடுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஈப்போவுக்கு வந்த பிறகு ஒரு மாதம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது தெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார்களே என்று பயம். ஒரு காலை கலியமூர்த்தியிடமிருந்து குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

"அக்கா, தங்கச்சியோட தொலைநோக்கிய வாங்கி கரையிலேந்து பாக்கறேன். அந்த ஆம்பள கோழி நடந்து போவுது. அதுக்கு எட்டு காலுக்கா! எனக்கு பகீர்னு ஆயிடுச்சி. அப்புறம் தங்கச்சி சொல்லுது, குஞ்ச றெக்கைக்குள்ள இடுக்கிகினு தூக்கிட்டு போவுமாம். அதுங்க காலுதான் கீழ தொங்குது. ரெண்டு அதோடது. மீதி ஆறு. மூணு குஞ்சுக்கா!"

நாலு முட்டையில் மூன்று. மற்ற பத்துக் கூட்டிலும் எத்தனை இருந்தன என்று எனக்குத் தெரியும், படமெடுத்து எண்ணியவள் நான்தானே. சமையலறையில் நின்றபடி அந்தப் பதிவை ஐந்தாறு தடவை கேட்டேன். முடிவில் அவர் ஒன்று கேட்டிருந்தார்: "ஒங்களுக்கு நல்ல போட்டோவா வேணும்னா சொல்லுங்கக்கா, தெப்பத்துல கிட்ட போயி எடுத்து அனுப்பறேன்."

உடனே பதில் அனுப்பினேன். "வேண்டாம் தம்பி. கிட்டப் போகாதீங்க."